வயதும் புற்றுநோயும்: ஒரு கணக்கின் வரலாறு

சென்னையில் கிண்டிப் பகுதியைக் கடந்து சென்ற வாசகர்கள் பலர் இருப்பீர்கள். அங்கே மூன்று மருத்துவ நிலையங்கள் உள்ளன. முதலாவது, 1899-இல் தோன்றிய கிங் நோய்த்தடுப்பு நிலையம். பெரியம்மைக்கான அம்மைப்பால் தயாரித்து மாகாணம் முழுவதற்கும் அனுப்பிய இடம் அது. இரண்டாவது, அடையாற்றிலும் கிண்டிப் பூங்காவை ஒட்டிய சர்தார் பட்டேல் சாலையிலும் இயங்கும் புற்றுநோய் நிலையம். 1954-இல் தொடங்கப்பட்டது. மூன்றாவது, கிங் நிலைய வளாகத்திலேயே 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை.

தொற்றுநோய்க்கு ஒன்று, புற்றுநோய்க்கு ஒன்று, முதுமைக்கு ஒன்று. இவை மூன்றும் தற்செயலாக அருகருகே அமைந்தவைதாம். ஆயினும் இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், நம் நாட்டில் சுமார் நூறு ஆண்டுகளில் நடந்த ஒரு பெரிய மாற்றம் புலப்படும். முதல் நிலையமும் அதைப் போன்ற பிற நிலையங்களும் தம் பணியை நன்றாகச் செய்ததால்தான் மற்ற இரண்டுக்கும் இவ்வளவு வேலை வந்தது என்று சொன்னால் வியப்பாக இருக்கும். அது எப்படி என்பதையே இக்கட்டுரையில் காண்போம்.

புற்றுநோயைப் பற்றி நம்மிடையே இரண்டு பேச்சுகள் உலவுகின்றன. "அந்தக் காலத்தில் இந்த நோய் ஏது? எல்லாம் இந்தக் காலத்துக் கோளாறு" என்பது ஒன்று. "வயதானால் வரத்தான் செய்யும், நம் கையில் என்ன இருக்கிறது?" என்பது மற்றொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. இரண்டையும் முழுதாக நம்பினால் ஆபத்தும் உண்டு. எது உண்மை, எது பிழை என்று பிரித்தறிய உதவியது ஒரு கணக்கு. அதன் வரலாறு சுவையானது.

அரிய நோய் என்ற எண்ணம்

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில், புற்றுநோய் மேனாட்டு நாகரிகத்தின் நோய், இந்தியர்களிடையே அது அரிது என்ற கருத்து மருத்துவர்கள் பலரிடமும் இருந்தது. மருத்துவமனைப் பதிவேடுகளில் அந்நோயாளிகள் குறைவாகவே காணப்பட்டனர். ஆனால் சென்னைப் பொது மருத்துவமனையைச் சேர்ந்த நிப்லாக் என்னும் மருத்துவர் 1902-இலேயே, இங்கு வாய்ப்புற்று மிகுதியாக இருப்பதையும் வெற்றிலைபாக்கு மெல்லும் பழக்கத்துக்கும் அதற்கும் உள்ள தொடர்பையும் எடுத்து எழுதினார். 1930-களில் நாத், கிரேவால் என்ற இரு ஆய்வாளர்கள் நாட்டின் பல பகுதிகளிலிருந்து விவரங்களைத் திரட்டி ஆராய்ந்தார்கள். இந்தியாவில் புற்றுநோய் அரிதன்று என்பதே அவர்கள் கண்ட முடிவு.

பிறகு ஏன் அது அரிதாகத் தோன்றியது? நோய் கண்டவர்கள் பலர் மருத்துவமனைப் பக்கமே வராதது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம் வேறு. நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 ஆண்டுகளே. எல்லாரும் 32 வயதில் இறந்தார்கள் என்பது இதன் பொருளன்று. குழந்தைகள் ஏராளமாக இறந்ததால் சராசரி அவ்வளவு கீழே இறங்கிற்று. பெரியம்மை, காலரா, மலேரியா, காசநோய் ஆகியவற்றுக்குத் தப்பி அறுபதைத் தாண்டியவர்கள் குறைவு. புற்றுநோயோ பெரும்பாலும் ஐம்பது, அறுபதுக்கு மேல் தலைகாட்டுவது. அந்த வயதை எட்டும் முன்பே வேறு நோய்கள் ஆளைக் கொண்டுபோனால், புற்றுநோய்க்கு மிஞ்சுவது யார்?

அம்மைப்பாலும், குடிநீர்க் குழாயும், மலேரியா ஒழிப்பும், பென்சிலின் போன்ற மருந்துகளும் நிலைமையை மாற்றின. 1975-க்குப் பின் இந்திய மண்ணில் பெரியம்மை இல்லை. சராசரி ஆயுள் இப்போது எழுபதை ஒட்டி நிற்கிறது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயது நிரம்பியவர்கள். புற்றுநோயைச் சந்திக்கும் வயதுவரை இன்று இலட்சக்கணக்கானோர் வாழ்கிறார்கள். நோய் பெருகியதாகத் தோன்றுவதில் ஒரு பங்கு, உண்மையில் நாம் பெற்ற வெற்றியின் நிழலே.

பன்னிரண்டு படுக்கைகள்

புற்றுநோய் நிலையத்தை நிறுவியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்பதை அறிவீர்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-இல் பட்டம் பெற்றவர். நாட்டின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர். 1923-இல் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். அந்தத் துயரமே இந்நோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்ற உறுதியை அவர் உள்ளத்தில் விதைத்தது. இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் 1949-இல் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டது. 1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று பன்னிரண்டு படுக்கைகளுடன் மருத்துவமனை தொடங்கியது. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தார்கள். மயிலாப்பூரில் பிறந்த சாந்தா, 2021-இல் மறையும்வரை அந்நிலையத்துக்கே தம் வாழ்வை அளித்தார்.

அந்நாளில் புற்றுநோய் என்றால் சாவு என்றே பொருள். குணமாகாத நோய்க்குத் தனி மருத்துவமனை எதற்கு என்ற கேள்வியையும் அவர்கள் எதிர்கொள்ள வேண்டியிருந்தது. இந்த நோய் எப்படி உண்டாகிறது என்பதே அப்போது தெளிவாகவில்லை. நோய் பிறக்கும் வழி தெரியாமல் அதைத் தடுப்பது எங்ஙனம்?

லண்டனில் ஒரு வரைபடம்

அதே 1954-இல், கடல் கடந்து லண்டனில், இருவர் ஒரு வரைபடத்தை வெளியிட்டார்கள். பீட்டர் ஆர்மிட்டேஜ் புள்ளியியல் அறிஞர். ரிச்சர்ட் டால், சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை பிராட்ஃபோர்டு ஹில் என்பாருடன் சேர்ந்து 1950-இல் காட்டிய மருத்துவர். 'பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் கேன்சர்' என்ற ஏட்டில் வந்த அவர்கள் கட்டுரைக்கு நுண்ணோக்கியும் தேவைப்படவில்லை, சோதனைக் குழாயும் தேவைப்படவில்லை. பிரிட்டனின் இறப்புப் பதிவேடுகளை எடுத்துக்கொண்டு, 17 வகைப் புற்றுகளால் எந்த வயதில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கணக்கிட்டார்கள்; அவ்வளவே.

நோய் ஒரே ஒரு தற்செயல் நிகழ்ச்சியால் வருவதாக இருந்தால், எந்த வயதிலும் அதன் வாய்ப்பு ஏறத்தாழ ஒரே அளவாக இருக்க வேண்டும். சாலை விபத்து இருபது வயதினரையும் தாக்கும், அறுபது வயதினரையும் தாக்கும் அல்லவா? புற்றுநோயின் போக்கு அப்படியில்லை. வயிறு, குடல், கணையம் போன்ற பல உறுப்புகளில் அது வயதின் ஆறாம் அடுக்கை ஒட்டி உயர்ந்தது. அதாவது வயது இரு மடங்கானால் ஆபத்து இரு மடங்கு ஆவதில்லை. இரண்டை ஆறு முறை பெருக்கிக் கிடைக்கும் 64 மடங்கு ஆகிறது! நாற்பது வயதினருக்கு உள்ளதைப்போல் எண்பது வயதினருக்கு ஏறக்குறைய 64 மடங்கு.

இதற்கு முந்தைய ஆண்டில் நார்ட்லிங் என்பவரும் இதே ஏட்டில் இத்தகைய கணக்கை வெளியிட்டு, ஒரு செல் புற்றாக மாற ஒன்றன்பின் ஒன்றாக ஏழு மாற்றங்கள் தேவைப்படலாம் என்று கூறியிருந்தார். ஆர்மிட்டேஜும் டாலும் அந்தக் கருத்துக்கு உறுதியான வடிவம் தந்தார்கள்.

முன்னரும் சில அறிகுறிகள் கிடைத்திருந்தன. 1775-இல் லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கிகளுக்குள் இறங்கித் துப்புரவு செய்த சிறுவர்களுக்கு, அவர்கள் வளர்ந்து ஆளான பின் விதைப்பையில் புற்று வருவதைக் கண்டார். கரி படிந்தது குழந்தைப் பருவத்தில். நோய் வந்தது பல ஆண்டு கழித்து. 1915-இல் ஜப்பானிய அறிஞர்கள் யாமகிவாவும் இச்சிகாவாவும் முயல்களின் காதில் தாரைப் பூசிப் புற்றை வரவழைத்தார்கள். அதற்கும் பல மாதங்கள் விடாமல் பூச வேண்டியிருந்தது. புற்றுக்குக் காலம் தேவை என்பதை இவை காட்டின. ஏன் தேவை என்பதைக் கணக்குக் காட்டியது.

ஏழு புரிக் கயிறு

ஆறாம் அடுக்கு எங்கிருந்து வருகிறது? கிணற்றில் நீர் இறைக்கும் கயிறு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அது ஏழு புரிகளால் முறுக்கியது. ஏதேனும் ஒரு புரி அறுந்தால் வாளி விழாது. ஏழும் அறுந்தால்தான் விழும். ஒவ்வொரு புரியும் தற்செயலாக அறக்கூடியது.

ஒரு புரி பத்து ஆண்டுக்குள் அறும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்று கொள்வோம். இருபது ஆண்டுக்குள் அறும் வாய்ப்பு நூற்றில் இரண்டு. இது இரு மடங்குதான். ஆனால் ஆறு புரிகளும் அறுந்திருக்க வேண்டுமானால், அந்த வாய்ப்பை ஆறு முறை பெருக்க வேண்டும். ஒவ்வொரு பெருக்கலிலும் ஓர் இரண்டு வந்து சேர்கிறது. ஆகவே இருபதாம் ஆண்டில் ஆறு புரி அறுந்த கயிறு, பத்தாம் ஆண்டில் இருப்பதைக் காட்டிலும் 64 மடங்கு. ஏழாவது புரி குறிப்பிட்ட ஓர் ஆண்டில் அறும் வாய்ப்பு எந்த ஆண்டிலும் ஒன்றே. எனவே ஏழு புரிக்கு ஆறாம் அடுக்கு வருகிறது.

"இவ்வளவு அரிதான நிகழ்ச்சி எப்படி நடக்கும்?" என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கயிற்றுக்கு அது நடப்பது அரிதுதான். நம் உடலிலோ சுமார் 30 இலட்சம் கோடி செல்கள்! அவற்றுள் எந்த ஒன்றில் ஏழும் அறுந்தாலும் போதும். மேலும் செல்கள் பிரிந்து பெருகுபவை. ஒரு புரி அறுந்த செல், மற்றவற்றைவிட வேகமாகப் பெருகினால், அரை அறுபட்ட கயிறுகள் பல உண்டாகிவிடும். அப்போது ஏழு படிகள் கூடத் தேவையில்லை. குறைந்த படிகளே இதே வரைபடத்தைத் தந்துவிடும். 1957-இல் ஆர்மிட்டேஜும் டாலும் தாங்களே இதையும் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஆகவே ஏழு என்ற எண்ணைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். படிகள் பல என்பதே செய்தி.

எல்லாப் புற்றுகளும் இந்த விதிக்கு அடங்குவதில்லை. மார்பகப் புற்றின் கோடு, மாதவிலக்கு நிற்கும் வயதை ஒட்டி வளைந்து ஏற்றம் தணிகிறது. அங்கே ஹார்மோன்களுக்குப் பங்குண்டு. மிக முதிர்ந்த வயதில் பல புற்றுகளின் ஏற்றம் மட்டுப்படுவதும் உண்டு.

குழந்தைகளுக்கு ஏன் வருகிறது?

இங்கே ஒரு தடை எழுகிறது. காலம் சேர்ந்துதான் புற்று வரும் என்றால், பால்மணம் மாறாத குழந்தைக்கு ஏன் வருகிறது? அடையாற்று நிலையத்துக்கு இக்கேள்வி ஏட்டுக் கேள்வியன்று. 1960-இலேயே குழந்தைகளுக்கெனத் தனிப் புற்றுநோய்ப் பிரிவு தொடங்கிய இடம் அது.

விடை 1971-இல் அமெரிக்க மருத்துவர் ஆல்ஃபிரட் நுட்சனிடமிருந்து வந்தது. குழந்தைகளின் விழித்திரையில் தோன்றும் ஒரு புற்றை அவர் ஆராய்ந்தார். அவர் எடுத்துக்கொண்டவை 48 நோயாளிகளின் விவரங்களே. சில குழந்தைகளுக்கு மிக இளமையில், இரு கண்களிலும், சில வேளை பல இடங்களில் புற்று தோன்றியது. மற்றவர்களுக்கு ஒரு கண்ணில் மட்டும், சற்றுத் தாமதமாக. நுட்சன் கூறியது இதுதான்: இப்புற்றுக்கு இரண்டு புரிகள் அறுந்தால் போதும். முதல் வகைக் குழந்தைகள் ஒரு புரி ஏற்கனவே அறுந்த நிலையில் பிறக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது இன்னும் ஒன்று. இரண்டாம் வகையினருக்கு இரண்டும் பிறந்த பின் அற வேண்டும். அதற்குக் கூடுதல் காலம் ஆகிறது. 1986-இல் அந்த ஜீனே கண்டுபிடிக்கப்பட்டு, நுட்சனின் கணக்கு மெய்யாயிற்று. விதிக்கு விலக்காகத் தோன்றிய ஒன்று, விதியை உறுதிசெய்யும் சான்றாக மாறியது.

வயதா, பழக்கமா?

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. முதுமை என்ற நிலையே புற்றை வரவழைக்கிறதா? அல்லது முதியவர்கள் நெடுங்காலம் வாழ்ந்து, நெடுங்காலம் கேடுகளுக்கு ஆளானவர்கள் என்பதால் வருகிறதா? இரண்டும் ஒன்றுபோல் தோன்றினாலும் ஒன்றல்ல. முதலாவது உண்மையானால் நாம் செய்யக்கூடியது அதிகமில்லை. இரண்டாவது உண்மையானால் நிறைய உண்டு.

1975-இல் ரிச்சர்ட் பீட்டோவும் உடன் பணிபுரிந்தோரும் சுண்டெலிகளைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். தாரில் உள்ள பென்சோபைரீன் என்ற பொருளைத் தோலில் தடவினார்கள். சில எலிகளுக்கு 10 வார வயதில் தொடங்கினார்கள். சிலவற்றுக்கு 25 வாரத்தில், சிலவற்றுக்கு 40, சிலவற்றுக்கு 55 வாரத்தில். முதுமைதான் காரணம் என்றால், வயதான எலிகளுக்குச் சீக்கிரம் புற்று வந்திருக்க வேண்டும். வரவில்லை. எத்தனை காலம் தடவினார்கள் என்பதைப் பொறுத்தே புற்று வந்தது. எந்த வயதில் தொடங்கினார்கள் என்பதைப் பொறுத்தன்று.

நம் ஊர் எடுத்துக்காட்டு வெற்றிலைபாக்கும் புகையிலையும். 1933-இல், அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்ததும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளதுமான நெய்யூர் மருத்துவமனையிலிருந்து, வெற்றிலைபாக்கு மெல்வோரின் வாய்ப்புற்று பற்றிய கட்டுரை ஒன்று 'லான்செட்' ஏட்டில் வெளியாயிற்று. 1959-இல் சாந்தாவும் கிருஷ்ணமூர்த்தியும் சென்னை நோயாளிகளின் வாய்ப்புற்றுக்கான காரணங்களை ஆராய்ந்து எழுதினார்கள். அக்கட்டுரை வந்ததும், ஆர்மிட்டேஜ்-டால் வரைபடம் வந்த அதே 'பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் கேன்சர்' ஏட்டில்தான். புகையிலை சேர்த்த வெற்றிலைபாக்கு புற்றை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1985-இல் அறிவித்தது. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே போதும் என்று 2004-இல் அது உறுதி செய்தது.

கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொள்ளும் ஒருவருக்கு, புரிகள் தாமாக அறும் வரை கயிறு காத்திருப்பதில்லை. நாள்தோறும் அதன்மேல் அரம் உரசுகிறது. அவர் பழக்கத்தை இருபதில் தொடங்கினாரா நாற்பதில் தொடங்கினாரா என்பது பெரிய வேறுபாடு. விட்டுவிட்டால்? டால் பிரிட்டிஷ் மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2004-இல் முடிவை வெளியிட்டார். வாழ்நாள் முழுவதும் சிகரெட் பிடித்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டு ஆயுளை இழந்தார்கள். அறுபதில் விட்டவர்கள் அதில் மூன்று ஆண்டுகளை மீட்டார்கள். ஐம்பதில் விட்டவர்கள் ஆறு. நாற்பதில் விட்டவர்கள் ஒன்பது. முப்பதில் விட்டவர்கள் ஏறத்தாழ முழுவதையும்.

மருத்துவமனை மருத்துவமனையாக ஒரு கணக்கெடுப்பு

இத்தனையும் சொல்ல, யாருக்கு எந்த வயதில் எந்தப் புற்று வந்தது என்ற கணக்கு வேண்டும். இந்தியாவில் முதல் மக்கள்தொகைப் பதிவேடு 1960-களில் பம்பாயில் தொடங்கியது. 1981-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தேசியத் திட்டம் ஒன்றை வகுத்தது. அதன்படி அடையாற்றுப் புற்றுநோய் நிலையம் சென்னை மாநகருக்கான பதிவேட்டை ஏற்று, 1982 ஜனவரி முதல் நடத்தி வருகிறது. புற்றுநோய் கண்டால் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்ற கட்டாயம் அப்போது இல்லை. எனவே பதிவேட்டுப் பணியாளர்கள் தாங்களே மருத்துவமனை மருத்துவமனையாகச் சென்றார்கள். மாநகராட்சியின் இறப்புப் பதிவேடுகளைப் புரட்டி விட்டுப்போனவற்றைத் தேடினார்கள். 2012 முதல் மாநிலம் முழுவதற்கும் பதிவேட்டுத் திட்டம் விரிந்தது.

இக்கணக்கைப் படிப்பதில் ஒரு நுட்பம் உண்டு. கற்பனையாக மேலூர், கீழூர் என்ற இரு ஊர்களை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் மக்கள் ஓர் இலட்சம். மேலூரில் அறுபதைக் கடந்தவர்கள் 5,000, கீழூரில் 10,000. இரண்டு ஊரிலும் ஓர் ஆண்டில் இளையவர்களில் இலட்சத்துக்கு 50 பேருக்கும், முதியவர்களில் இலட்சத்துக்கு 400 பேருக்கும் நோய் வருகிறது என்று வைப்போம். கணக்கிட்டுப் பாருங்கள். மேலூரில் 67 அல்லது 68 நோயாளிகள், கீழூரில் 85. "கீழூரின் தண்ணீரில் ஏதோ கேடு இருக்கிறது!" என்று பேச்சுக் கிளம்பும். உண்மையில் அவ்வூரில் முதியோர் அதிகம், அவ்வளவுதான்.

இந்த மயக்கத்தைத் தவிர்க்கவே அறிஞர்கள் எல்லா ஊர்களையும் ஒரே வயதமைப்பு உடையனவாகப் பாவித்து ஒப்பிடுகிறார்கள். ஜப்பானிய அறிஞர் மிட்சுவோ செகி 1960-இல் வகுத்த பொதுவான உலக மக்கள்தொகையே, சிறு திருத்தத்துடன் இன்றும் அதற்கு அளவுகோல். "நம் நாட்டுப் பெண்களுக்கு மார்பகப் புற்று மேனாட்டினரைவிடப் பத்து ஆண்டு முன்பே வருகிறது" என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நோயாளிகளின் சராசரி வயது இங்கே குறைவு என்பது மெய்தான். ஆனால் நம் மக்கள்தொகையே இளையது. இளையோர் மிகுந்த கூட்டத்தில் நோயாளிகளின் சராசரி வயதும் குறைவாகவே இருக்கும். அந்த வேறுபாட்டில் பெரும்பகுதி இப்படி வந்ததே. இங்கும் ஒரு பெண்ணின் ஆபத்து நாற்பதில் இருப்பதைவிட அறுபதில் அதிகம்.

சென்னைப் பதிவேடு வேறொன்றையும் காட்டியது. 1980-களில் நகரப் பெண்களிடையே முதலிடம் வகித்தது கருப்பைவாய்ப் புற்று. பிந்திய பதின்ம ஆண்டுகளில் அது படிப்படியாகக் குறைந்து, மார்பகப் புற்று முந்திக்கொண்டது. நன்றாகக் கவனியுங்கள்: அதே ஆண்டுகளில் சென்னைப் பெண்களின் ஆயுள் கூடிக்கொண்டே போயிற்று. வயது மட்டுமே விதி என்றால் எல்லாப் புற்றும் ஏறியிருக்க வேண்டும். ஒன்று இறங்கியது!

செல்லுக்குள் பார்த்தபோது

ஆர்மிட்டேஜும் டாலும் கணக்கில் கண்ட புரிகளை அவர்கள் கண்ணால் பார்த்ததில்லை. டி.என்.ஏ.யை எழுத்தெழுத்தாகப் படிக்கும் கருவிகள் வந்த பின் அவை தெரியத் தொடங்கின. 1990-இல் ஃபியரன், வோகல்ஸ்டைன் என்ற அமெரிக்க அறிஞர்கள், பெருங்குடலில் ஒரு சிறு கட்டி புற்றாக மாறும்வரை எந்தெந்த ஜீன்கள் கெடுகின்றன என்று படிப்படியாக வகுத்துக் காட்டினார்கள். குடல், ஈரல் ஆகியவற்றின் மூலச் செல் ஒவ்வொன்றிலும் ஆண்டுக்குச் சுமார் 40 டி.என்.ஏ. மாற்றங்கள் சேர்கின்றன என்று 2016-இல் அளந்தார்கள். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆனால் சேர்வது நிற்பதில்லை, கடிகாரம்போல் நடக்கிறது.

2018-இல் வந்த செய்தி இன்னும் வியப்பானது. நடுவயதைக் கடந்த, நோயற்ற மனிதரின் உணவுக்குழாயில் பாதிக்கு மேற்பட்ட பரப்பை, புற்றோடு தொடர்புடைய மாற்றம் பெற்ற செல்களே நிரப்பியிருந்தன! ஆனாலும் அவர்களுக்குப் புற்று இல்லை. ஒரு புரி, இரண்டு புரி அறுந்த கயிறுகளோடு நாம் எல்லாரும் வாழ்ந்துகொண்டிருக்கிறோம். மீதிப் புரிகளும், கெட்ட செல்லை அழிக்கும் உடலின் காவலும் நம்மைக் காக்கின்றன. முதுமையில் அக்காவலும் தளர்வது, ஆபத்து கூடுவதற்கு இன்னொரு காரணம்.

2020-இல் நுரையீரலை ஆராய்ந்தவர்கள் ஒரு நல்ல செய்தி தந்தார்கள். சிகரெட்டை விட்டவர்களின் மூச்சுக்குழாயில், புகையின் கேடு ஏறத்தாழப் படாத செல்கள் மீண்டும் பெருகி இடம்பிடித்திருந்தன. புகைப்பதைத் தொடர்ந்தவர்களிடம் இருப்பதைவிட அவை நான்கு மடங்குவரை அதிகம். பழைய கயிறுகளுக்குப் பதில் நல்ல கயிறுகள்!

கிண்டியிலும் இப்பணி நடக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2025 பிப்ரவரியில் 480 மார்பகப் புற்றுநோயாளிகளின் திசுக்களிலிருந்து படித்த மரபுச் செய்திகளைத் தொகுத்து, ஆய்வாளர்கள் அனைவரும் பயன்படுத்தும்படி வெளியிட்டது.

கணக்கு நமக்குச் சொல்வது

புற்றுநோய் பல படிகளில், பல ஆண்டுகளில் வருகிறது என்பது அச்சத்துக்குரிய செய்திபோல் தோன்றலாம். திருப்பிப் பார்த்தால், குறுக்கிட்டு நிறுத்தப் பல இடங்கள் உண்டு என்பதே அதன் பொருள்.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. கருப்பைவாய்ப் புற்று பெரும்பாலும் இளமையில் தொற்றும் ஒரு வைரஸால் தொடங்கி, பதினைந்து, இருபது ஆண்டு கழித்து வெளிப்படுவது. 2000-ஆம் ஆண்டு முதல் திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிலிக்கையை மையமாகக் கொண்டு, 30 முதல் 59 வயதுவரையுள்ள பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற செவிலியர் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைக் கருப்பைவாயில் தடவி, வெளுத்துத் தோன்றும் இடங்களைக் கண்டறிந்தார்கள். அப்படிக் கண்டவர்களில் தேவைப்பட்டோருக்குக் குளிரூட்டிச் சுடும் எளிய சிகிச்சை அளிக்கப்பட்டது. 2007-இல் வெளியான முடிவின்படி, சோதனைக்கு உட்பட்ட ஊர்களில் இப்புற்று 25 சதவீதமும், அதனால் வரும் இறப்பு 35 சதவீதமும் குறைந்தன. அதிகப் பயன் பெற்றவர்கள் 30 முதல் 39 வயதுவரையுள்ள பெண்கள். மீதிப் புரிகள் அறும் முன்பே கயிறு மாற்றப்பட்டது.

இந்தியாவில் 2022-இல் புதிதாகப் புற்றுநோய் கண்டவர்கள் சுமார் 14.6 இலட்சம் பேர் என்று தேசியப் பதிவேட்டுத் திட்டம் மதிப்பிட்டது. முதியோர் பெருகப் பெருக இவ்வெண்ணும் பெருகும். அதைக் கண்டு மருளவும் வேண்டாம். "வயதானால் வரத்தான் செய்யும்" என்று வாளாவிருக்கவும் வேண்டாம். ஆண்டுகள் ஓடுவதை நாம் தடுக்க முடியாது. அந்த ஆண்டுகளில் கயிற்றின்மேல் அரம் உரசுகிறதா இல்லையா என்பதில் நமக்குப் பெரும்பங்கு உண்டு.

உங்கள் வீட்டில் ஐம்பதைக் கடந்த தாயோ தந்தையோ, பாட்டியோ தாத்தாவோ இருப்பார்கள். மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், மார்பில் வலியில்லாத கட்டி, மாதவிலக்கு நின்ற பின் வரும் உதிரப்போக்கு, விழுங்குவதில் தடை, மலத்தில் இரத்தம் ஆகிய இவற்றுள் ஏதேனும் இருந்தால், "வயதாகிவிட்டது, அதனால்தான்" என்று அவர்கள் தள்ளிப்போட விடாதீர்கள். வயதாகிவிட்டது என்பதே உடனே மருத்துவரிடம் போவதற்கான காரணம். வெற்றிலைப் பெட்டியில் இருக்கும் புகையிலையைப் பற்றி அவர்களிடம் பேசுங்கள். அறுபதில் விட்டாலும் பயன் உண்டு என்று நீங்கள் கணக்கோடு சொல்லலாம். நீங்களே முப்பதுக்குள் இருப்பவராயின், தொடங்காதிருப்பதே எல்லாவற்றிலும் எளிது.